போகாதே என்பதா, ஆயத்தமாகு என்பதா?

(பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி)



பள்ளி ஆண்டு மலரில் மோட்டார் சைக்கிளைப் பற்றி ஒரு பெண் எழுதுவதா, அதுவும் வண்டி ஓட்டும் வயதே வராத பெண் எழுதுவதா என்று உங்களில் சிலர் முகம் சுளிக்கக்கூடும். உண்மைதான். கியர் உள்ள வண்டியை ஓட்ட நம் நாட்டுச் சட்டம் 18 வயது கேட்கிறது. 16 வயது நிரம்பியவர் பெற்றோர் சம்மதத்துடன் 50 சி.சி.க்கு மேற்படாத, கியர் இல்லாத வண்டியை ஓட்டலாம். எனக்கு அந்த வயதும் ஆகவில்லை. ஆனால் போடிநாயக்கனூரில் பிறந்த பெண்ணுக்கு மலையும் தெரியும், மலையேறும் வண்டியும் தெரியும். என் தந்தை பூப்பாறைப் பக்கம் ஓர் ஏலத்தோட்டத்தில் கணக்கு எழுதுகிறவர். விடுமுறை நாள்களில் அவர் பின்னால் அமர்ந்து போடிமெட்டுக்குப் போய் வந்தே வளர்ந்தவள் நான். முந்தல் சோதனைச் சாவடி தாண்டியபின் வரும் 17 கொண்டை ஊசி வளைவுகளையும் வாய்விட்டு எண்ணித்தான் எனக்குக் கணக்கே படிந்தது என்று அப்பா வேடிக்கையாகக் கூறுவார். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

எழுதத் தூண்டியது எங்கள் வீட்டுச் செய்திதான். கல்லூரியில் இறுதியாண்டு படிக்கும் என் அண்ணனும் அவன் நண்பர் மூவரும் வருகிற ஜூன் மாதம் மோட்டார் சைக்கிளில் லடாக் செல்வது என்று முடிவு செய்துவிட்டார்கள். "வாலிபப் பிள்ளை நாலு இடம் பார்க்க வேண்டாமா? போகட்டும் விடு" என்பது தாத்தாவின் கட்சி. "அவன் கிளம்பினா நான் சோறு தண்ணி தொட மாட்டேன்" என்பது அம்மாவின் கட்சி. அப்பா எந்தக் கட்சியிலும் சேராமல் செய்தித்தாளுக்குள் முகத்தை மறைத்துக்கொள்கிறார். இதே வழக்கு வேறு சில தோழியர் வீட்டிலும் நடந்துகொண்டிருப்பதை மதிய உணவு வேளையில் கேட்டறிந்தேன்.

இரண்டு கட்சிக்கும் நான் எதிர்க்கட்சி. போ என்று சொல்வதும் எளிது, போகாதே என்று சொல்வதும் எளிது. "என்ன ஆயத்தம் செய்திருக்கிறாய், எடுத்துக் காட்டு" என்று கேட்பதுதான் கடினம். அந்தக் கேள்வியை நான் அறிந்த எந்த வீட்டிலும் யாரும் கேட்கவில்லை.

அண்ணன் செய்த ஆயத்தத்தை நான் கண்ணாரக் கண்டேன். விலையுயர்ந்த கறுப்புச் சட்டை ஒன்று வாங்கினான். பெட்ரோல் டாங்கியின்மேல் மலைச் சிகரப் படம் ஒட்டினான். கைப்பிடியில் கைப்பேசி வைக்க ஒரு கவ்வி பொருத்தினான். திபெத்தியர் வழிபாட்டுக் கொடிகளை வாங்கி முன்னால் கட்டினான். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன், தெரியாது என்றான். ஒரு சமயத்தார் மன்றாட்டாக எழுதிய கொடியை, பொருள் தெரியாமல் அலங்காரத்துக்குத் தொங்கவிடுவது சரியன்று என்பது என் எண்ணம். நம் செபமாலையை யாரேனும் அப்படித் தொங்கவிட்டால் நமக்கு எப்படி இருக்கும்? போகட்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அழகு கெடுகிறது என்று பின்சக்கரத்தின் சேலைக் காப்பைக் கழற்றி எறிந்துவிட்டான். பின்னால் இருப்பவரின் உடை சிக்காதபடி பின்சக்கரத்தில் பாதியையாவது மறைக்கும் காப்பு இருக்கவேண்டும் என்பது 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் உள்ளது. சேலையும் தாவணியும் துப்பட்டாவும் அணிகின்ற நமக்காகவே எழுதப்பட்ட விதி அது. பின்னால் உட்காரப்போகிறவள் நானும் அம்மாவும் அல்லவா? அப்பா அன்று மட்டும் செய்தித்தாளை மடித்து வைத்தார். காப்பு மறுநாளே திரும்பி வந்தது.

கார்த்திகை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒத்திகை பார்க்கிறோம் என்று அண்ணனும் ஒரு நண்பனும் தேவிகுளம் வரை சென்றார்கள். நல்ல மழைக்காலம். போடியில் வெயில் அடித்ததால் மழைச்சட்டை எடுக்கவில்லை. போடிமெட்டில் மேகம் இறங்கி, பத்தடி தூரத்தில் வரும் லாரிகூடத் தெரியவில்லையாம். திரும்பும்போது நனைந்த கைகள் விறைத்து, கிளட்ச்சை அமுக்க விரல் மடங்கவில்லை. அதற்குமேல், பெட்ரோல் மிச்சம் பிடிப்பதற்காக இறக்கம் முழுவதும் நியூட்ரலில் உருட்டிக்கொண்டே வந்திருக்கிறான். பாதி வளைவுகள் இறங்கியபின் பின் பிரேக்கை மிதித்தால் கால் வெறுமையாய்க் கீழே போயிற்று. முன் பிரேக்கை மெல்ல மெல்லப் பிடித்து, மலைச்சுவர் ஓரம் உரசி நிறுத்தியிருக்கிறான். மறுபக்கம் சாய்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை அம்மாவின் முன் அவன் சொல்லவில்லை, என்னிடம் சொன்னான்.

அங்கே வந்து உதவியவர் ஒரு ஜீப் ஓட்டுநர். சூடேறிய சக்கரத்தில் நண்பன் தண்ணீர் ஊற்றப் போனானாம். "தண்ணிய ஊத்தாத தம்பி, தானா ஆறட்டும்" என்று தடுத்து, அரைமணி நேரம் அவர்களை அங்கேயே உட்கார வைத்திருக்கிறார். "எந்த கியர்ல ஏறுனியோ அந்த கியர்லயே இறங்கணும்" என்பதுதான் அவர் சொன்ன பாடம். நம் மலையில் வண்டி ஓட்டும் எவரைக் கேட்டாலும் சொல்லக்கூடிய ஒரு வரி. இதன் காரணத்தை நாம் அறிவியலில் படித்திருக்கிறோம். மேலிருந்து இறங்கும் வண்டியின் ஆற்றல் எங்கேனும் வெப்பமாக மாறியே தீரும். தாழ்ந்த கியரில் இறங்கினால் எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். நியூட்ரலில் இறங்கினால் அவ்வளவு வெப்பமும் பிரேக்கின் மேல் விழும். அது காய்ந்து பிடிப்பை இழந்துவிடும். வேலை, ஆற்றல், வெப்பம் என்று தேர்வுக்கு உருப்போட்டு 5 மதிப்பெண் வாங்குகிறோம். அது போடிமெட்டு வளைவில் உயிர் காக்கும் பாடம் என்று எவரும் நமக்குச் சொல்லவில்லை.

அன்றிரவு எட்டு மணிக்கு அவன் வீடு சேர்ந்ததும் அம்மா ஒரே சொல்லில் வழக்கை முடித்தார். "குரங்கணிய மறந்துட்டியாடா?"

இந்த ஊரில் யாரால் மறக்க முடியும்? 2018 மார்ச் 11-ஆம் நாள். நான் அப்போது சிறுமி. ஆம்புலன்ஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஊர் வழியே போனதும், மறுநாள் மலைப்பக்கம் ஹெலிகாப்டர் சத்தம் கேட்டதும் நினைவில் இருக்கின்றன. குரங்கணியிலிருந்து கொழுக்குமலைக்கு ஏறித் திரும்பிய மலையேற்றக் குழுவினர் காட்டுத் தீயில் சிக்கினர். நாள்கள் செல்லச் செல்ல மருத்துவமனைகளில் உயிர்கள் பிரிந்து, இறந்தோர் தொகை 23 ஆயிற்று. அவர்களுள் பலர் இளம் பெண்கள். நம் ஊர் மக்களும் தோட்டத் தொழிலாளர்களும் இருட்டில் ஏறிச் சென்று, காயம்பட்டவர்களைப் போர்வையில் கட்டித் தோளில் சுமந்து இறக்கினார்கள். அந்த ஆன்மாக்கள் இளைப்பாற்றி அடைய இன்றும் வேண்டுவோமாக.

ஆனால் அந்தத் துயரத்திலிருந்து நம் வீடுகள் எடுத்துக்கொண்ட பாடம் எது? "பொம்பளப் பிள்ளைகளுக்கு மலை எதற்கு?" என்பதுதான். இதை நான் முழு மனத்தோடு மறுக்கிறேன். தீ ஆண் பெண் பார்த்துப் பிடிக்கவில்லை. மார்ச் மாதம் நம் மலைச்சரிவில் போதைப்புல் ஆளுயரம் காய்ந்து நிற்கும் காலம். காற்று எப்பக்கம் திரும்புகிறதோ அப்பக்கம் தீ ஓடும் என்பது குரங்கணியில் மாடு மேய்க்கும் சிறுவனுக்கும் தெரியும். எந்தக் காலத்தில் போவது, எந்தப் பாதைக்கு அனுமதி உண்டு, அந்தக் காட்டை அறிந்த உள்ளூர்க்காரர் உடன் வருகிறாரா, ஆபத்து வந்தால் எந்தப் பக்கம் ஓடுவது: இவற்றைக் கேட்டுக்கொள்ளாமல் மலைக்குள் கால் வைக்கலாகாது என்பதே அந்தச் சாம்பல் நமக்குச் சொன்னது. தைரியம் குறைவாக இருந்ததால் அவர்கள் இறக்கவில்லை. எங்களைப் போன்ற பெண்களைக் கதவுக்குள் வைத்துப் பூட்டுவதற்கு அவர்கள் பெயரைப் பயன்படுத்துவது அவர்களுக்கு மரியாதை செய்வதாகாது.

மலைக்குப் போகும் பெண்களை யாரும் பார்த்ததே இல்லையா என்ன? விடியற்காலை ஐந்து மணிக்குப் போடியில் வந்து பாருங்கள். ஏலக்காய் எடுக்க மலைக்குச் செல்லும் பெண்கள் ஜீப்பில் நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பார்கள். ஒவ்வொருவரிடமும் ஒரு பை. அதில் தூக்குச்சட்டியில் சோறு, மழைக்கு ஒரு பிளாஸ்டிக் தாள், தலைக்குச் சுற்ற ஒரு துண்டு, பழைய சட்டை ஒன்று, அட்டை கடித்தால் தேய்க்கக் கொஞ்சம் உப்பும் புகையிலையும். கொங்காணி போட்டுக் குனிந்தபடி மழையில் நாளெல்லாம் வேலை செய்துவிட்டு மாலையில் அதே வளைவுகளில் இறங்குகிறார்கள். அளவுக்கு மீறி ஆள் ஏற்றும் ஜீப்புகள் கவிழ்ந்த செய்தியைப் படிக்கும்போதெல்லாம் என் நெஞ்சு பதறும். அது தனிக் கட்டுரைக்குரிய கொடுமை. நான் சொல்ல வந்தது ஒன்றே: அண்ணனின் ஆயிரக்கணக்கான ரூபாய்ச் சட்டையில் இல்லாத ஆயத்தம் அந்தப் பையில் இருந்தது. மழை வரும் என்று அவர்களுக்குத் தெரியும். அதிகாலையில் வண்டியில் செல்லும் தோட்டக்காரர்கள் சட்டைக்குள் செய்தித்தாளை மடித்து நெஞ்சில் வைத்துக்கொள்வதைக் கண்டிருப்பீர்கள். காற்றை அது எப்படித் தடுக்கும் என்று கேலி செய்தவன் அண்ணன். கார்த்திகை ஞாயிற்றுக்குப் பிறகு அவன் கேலி செய்வதில்லை.

இவ்வளவும் கேட்டுவிட்டு, "அப்படியானால் போடிமெட்டில் நன்றாகப் பழகினால் லடாக்குக்குப் போதும்" என்று நினைத்துவிடாதீர்கள். அண்ணனும் அப்படித்தான் வாதிட்டான். "நாங்க மலைக்காரப் பிள்ளைகதானே, எங்களுக்கு என்ன ஆகும்?" என்றான். நம் மலை கற்பிக்காத பாடம் ஒன்று உண்டு. அது உயரம்.

தென்னிந்தியாவின் மிக உயர்ந்த சிகரமாகிய நம் பக்கத்து ஆனைமுடி 2,695 மீட்டர். லே நகரமோ ஏறக்குறைய 3,500 மீட்டரில் இருக்கிறது. அதாவது அங்கே கடைத்தெருவில் காய்கறி வாங்குகிறவர் நம் ஆனைமுடி உச்சிக்கும் மேலே எண்ணூறு மீட்டர் உயரத்தில் நிற்கிறார். அங்கிருந்து கார்துங் லா கணவாய்க்கு ஏறினால் 17,582 அடி. (18,380 அடி என்று நெடுநாள் அங்கே ஒரு பலகை இருந்தது, பிற்பாடு அளந்தபோது அது தவறு என்று தெரிந்தது. பலகையையும் சரிபார்த்தே நம்பவேண்டும் போலும்!) அவ்வுயரத்தில் காற்றில் பிராணவாயுவின் பங்கு அதே 21 சதவீதந்தான். ஆனால் காற்றின் அழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் பாதியளவுக்குக் குறைந்துவிடுகிறது. ஒவ்வொரு மூச்சிலும் நமக்குக் கிடைப்பது பாதி.

நமக்கு மட்டுமன்று, எஞ்சினுக்கும் அப்படித்தான். 1,000 அடி ஏறுவதற்கு ஏறக்குறைய 3 சதவீதம் வலு குறையும் என்பது பொதுக் கணக்கு. கார்புரேட்டர் உள்ள பழைய வண்டி காற்றுக்கு மிஞ்சிய பெட்ரோலைக் குடித்துக் கரும்புகை கக்கும். 2020-க்குப் பின் வந்த வண்டிகளில் பெரும்பாலும் இருக்கும் ஃப்யூயல் இஞ்செக்‌ஷன் தானே சரிசெய்துகொள்ளும். ஆயினும் இழந்த வலுவைத் திருப்பித் தராது. ஆகவே சாமானை ஏற்றுமுன் ஒவ்வொரு கிலோவையும் யோசிக்க வேண்டும்.

எஞ்சினைப் பழுது பார்க்கலாம். மனித உடம்பு அப்படியன்று. 8,000 அடிக்கு மேல் எவருக்கும் உயர நோய் வரலாம். தலைவலி, குமட்டல், பசியின்மை, உறக்கமின்மை, தலைசுற்றல் என்று தொடங்கும். நான் படித்ததில் என்னை மிகவும் வியப்பில் ஆழ்த்தியது இதுதான்: நல்ல திடகாத்திரமாக இருப்பவருக்கு இந்நோய் வராது என்று சொல்லவே முடியாது. ஓட்டப்பந்தயத்தில் முதற்பரிசு வாங்கியவனும் விழுவான். சொல்லப்போனால் தன் பலத்தை நம்பி அவசரமாக ஏறுகிறவனே முதலில் விழுகிறான். உடற்பயிற்சி வேறு, உயரத்துக்குப் பழகுவது வேறு. உடம்பு பழக நாள்கள் வேண்டும். 3,000 மீட்டருக்கு மேலே போனபின், படுத்துறங்கும் இடத்தை நாளுக்கு 500 மீட்டருக்கு மேல் உயர்த்தாதிருப்பதும், மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஏறாமல் ஓய்வெடுப்பதும் மருத்துவர் கூறும் முறை. லேயை அடைந்தால் இரண்டு நாளாவது ஒன்றும் செய்யாமல் இருக்கச் சொல்கிறார்கள். உயர்ந்த கணவாயைக் கடக்கலாம்; ஆனால் கடந்து இறங்கித் தாழ்ந்த இடத்தில் உறங்க வேண்டும். மணாலி வழியாகப் போகிறவர்கள் நடுவே சார்ச்சு போன்ற 14,000 அடி இடத்தில் இரவு தங்கித் துன்பப்படுவதுண்டு. ஸ்ரீநகர் வழியில் முதலில் கார்கிலில் தங்கலாம். அது ஏறக்குறைய நம் ஆனைமுடியின் உயரந்தான். அண்ணன் குழு வகுத்திருந்த திட்டத்தில் ஓய்வு நாள் என்று ஒன்றுகூட இல்லை. விடுமுறை பத்தே நாளாம்!

உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, நுரையோடு இருமினாலோ, குடித்தவன் போலத் தள்ளாடினாலோ, பேச்சுக் குழறினாலோ, அது நுரையீரலிலோ மூளையிலோ நீர் கோத்த அடையாளம். அப்போது ஒரே மருந்து உடனே கீழே இறங்குவது. இருட்டு, பணம் கட்டியாயிற்று, நண்பர்கள் சிரிப்பார்கள் என்று ஒரு சாக்கும் உதவாது. இதற்குரிய மாத்திரை ஒன்றையும் பலர் கடலை மிட்டாய் போலப் பையில் போட்டுச் செல்கிறார்கள். சல்ஃபா மருந்து ஒவ்வாதவர்களுக்கு அது ஆபத்தாகலாம். மருத்துவரைக் கண்டு கேட்ட பிறகே தொடவேண்டும்.

உடற்பயிற்சி வேண்டாம் என்று நான் சொல்வதாக உடற்பயிற்சி ஆசிரியை கோபிக்க வேண்டாம். நோயைத் தடுக்காவிட்டாலும் களைப்பைத் தடுக்கும். களைத்த கைதான் பிரேக்கைப் பிடிக்கத் தாமதிக்கும். மூன்று மாதம் முன்பே தொடங்கி நாள்தோறும் விடியலில் பரமசிவன் மலைப்பக்கம் ஏறி இறங்கலாம். தோளும் கழுத்தும் இடுப்பும் நாளெல்லாம் ஒரே நிலையில் இருக்கப் பழகவேண்டும். தோப்புக்கரணம் போல் தொடைக்கு வலுவூட்டும் பயிற்சி வேறில்லை. வீட்டுப்பாடம் எழுதாததற்காக நான் போட்ட தோப்புக்கரணங்களைக் கூட்டிப் பார்த்தால் நான் என்றோ லடாக் போயிருக்கலாம்! வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. ஏறக்குறைய 200 கிலோ எடையுள்ள வண்டி சரளைக் கல்லில் சரிந்துவிட்டால், குனிந்து கையால் இழுத்துத் தூக்கினால் முதுகு போய்விடும். வண்டிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, ஒரு கையால் கைப்பிடியையும் மறு கையால் பின்புறக் கம்பியையும் பற்றி, கால் வலுவால் பின்னோக்கி நடந்தே நிமிர்த்த வேண்டும். என் அத்தை மகள் என்னைவிட மெலிந்தவள். இந்த முறையில் அண்ணனின் வண்டியை எங்கள் முற்றத்தில் தூக்கி நிறுத்தினாள். அண்ணனால் முடியவில்லை.

தோழியரே, நமக்கென ஒரு சொல். 2019-21-இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, நம் நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் 57 சதவீதத்தினருக்கு இரத்தச்சோகை உள்ளது. இரத்தத்தில் பிராணவாயுவைச் சுமப்பது ஹீமோகுளோபின். அது குறைந்திருந்தால் லடாக் எதற்கு, பள்ளி மாடிப்படியே கார்துங் லா ஆகிவிடும். பள்ளியில் தரும் இரும்புச்சத்து மாத்திரையைச் சன்னலுக்கு வெளியே எறிகிறவர்கள் யார் யார் என்று எனக்குத் தெரியும். பெயர் எழுதமாட்டேன்.

இனிப் பெட்ரோல். மணாலியிலிருந்து லே செல்லும் சாலையில் தாண்டி என்ற ஊரில், அடுத்த பெட்ரோல் நிலையம் 365 கிலோமீட்டருக்கு அப்பால் என்று எழுதிய பலகை பல ஆண்டுகளாகப் பிரயாணிகளிடையே பெயர்பெற்றது. அதைப் படித்தவுடன் எனக்கு நினைவுக்கு வந்தது நம் ஆண்டவர் சொன்ன பத்துக் கன்னியர் உவமை. விளக்கு பத்துப் பேரிடமும் இருந்தது. மிச்ச எண்ணெய் ஐவரிடந்தான் இருந்தது. பிறரிடம் கேட்டு வாங்க முடியாத ஒன்று உண்டு என்பதை அந்த உவமை போல விளக்குவது வேறில்லை. மலைமேல் நண்பனிடம் கடன் வாங்க முடியாதவை பெட்ரோல் மட்டுமல்ல, பழகிய உடம்பும் பழகிய கையுந்தான். பஞ்சர் ஒட்டுதல், சங்கிலியை இறுக்குதல், ஸ்பார்க் பிளக் மாற்றுதல், கிளட்ச் கேபிள் மாற்றுதல் ஆகியவற்றைப் புறப்படுமுன் வீட்டு வாசலில் இரண்டு மூன்று தடவை செய்து பார்க்காதவன் அங்கே பனிக்காற்றில் விறைத்த விரலோடு எப்படிச் செய்வான்? புதிய கேபிளைப் பழையதன் பக்கத்திலேயே இப்போதே கட்டி வைத்துவிட்டால், அறுந்தவுடன் முனையை மட்டும் மாற்றினால் போதும். இந்த யுக்தியை எங்கள் தெரு மெக்கானிக் சொல்லிக் கொடுத்தார்.

ஆற்றைக் கடப்பதிலும் நம் பழக்கம் அங்கே பொருந்தாது. குரங்கணி மலையில் மழை பெய்தால், இங்கே வெயில் அடிக்கும்போதே கொட்டகுடி ஆற்றில் வெள்ளம் வருவதை அறிவோம். லடாக் சாலைகளில் மழையே வேண்டாம். வெயில் ஏற ஏறப் பனி உருகி, காலையில் கணுக்கால் அளவு ஓடிய ஓடை மாலையில் முழங்காலுக்கு மேல் வந்துவிடும். ஆகையால் விடியலில் புறப்பட்டு ஓடைகளை முற்பகலில் கடந்துவிடுவது வழக்கம். இறங்குகிறவர் ஏறுகிறவருக்கு வழிவிட வேண்டும் என்ற மலைச்சாலை விதி மட்டும் அங்கும் இங்கும் ஒன்றே. போடிமெட்டில் அதை மதிக்காத மகிழுந்துகளைப் பற்றி அப்பா சொல்லும் வார்த்தைகளை இம்மலரில் அச்சிட இயலாது.

இந்த ஆயத்தமெல்லாம் ஆண்பிள்ளைகளுக்கு மட்டுந்தானா? 2018 குடியரசு நாள் அணிவகுப்பில் எல்லைப் பாதுகாப்புப் படையின் 'சீமா பவானி' மகளிர் அணி புல்லட் வண்டிகளில் சாகசம் காட்டியதை நாடே பார்த்தது. அவ்வணிக்குத் தலைமை தாங்கிய ஸ்டான்சின் நோர்யாங் என்பவர் லடாக்கைச் சேர்ந்த பெண்மணி. அந்தப் புல்லட்டோ நம் சென்னைத் திருவொற்றியூரில் உருவான வண்டி. 2023 மே மாதத்தில் எவரெஸ்ட் சிகரம் ஏறிய முத்தமிழ்ச்செல்வி நம் பக்கத்து விருதுநகர் மாவட்டத்தில் பிறந்தவர். "அவங்க வேற, நீ வேற" என்று அம்மா சொல்வார். வேறுபாடு பிறப்பில் இல்லை, பழக்கத்தில் இருக்கிறது. நம் மாதாவும் இளம் பெண்ணாய் இருந்தபோதே மலைநாட்டுக்குப் பயணம் சென்றவர்தாமே!

எனக்குத் துணிவு இருப்பதால் நம் பள்ளிக்கும் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். கைத்தொழில் வகுப்பில் நாம் பூ வேலை கற்கிறோம், கூடை பின்னுகிறோம். அவற்றோடு பஞ்சர் ஒட்டவும், சங்கிலிக்கு எண்ணெய் போடவும், முதலுதவி செய்யவும் மாதம் ஒரு மணி நேரம் கற்றுத் தரலாகாதா? பின்னால் உட்காருகிறவரும் தலைக்கவசம் அணிய வேண்டும் என்பது சட்டம். பள்ளி வாசலில் தினமும் அப்பாக்கள் தலைக்கவசத்துடனும் மகள்கள் இரட்டைச் சடையுடனும் வந்து இறங்குவதைக் காண்கிறோம். மகள் தலை மட்டும் இரும்பாலானதா? ஸ்கூட்டரில் கிராமங்களுக்குச் செல்லும் நம் சிஸ்டர்கள் தலைத்துணிமேல் தலைக்கவசம் அணிந்தே போகிறார்கள். நாம் மட்டும் சடை கலையும் என்கிறோம்.

பெற்றோர்களே, உங்கள் மகனோ மகளோ மலைக்குப் போக உத்தரவு கேட்டால் உடனே தலையசைக்கவும் வேண்டாம், உடனே மறுக்கவும் வேண்டாம். மறுத்தால் அவர்கள் பொய் சொல்லிப் போவார்கள். அப்போது எங்கே போனார்கள் என்றே உங்களுக்குத் தெரியாது. திட்டத்தை எழுதித் தரச் சொல்லுங்கள். எந்த இரவு எந்த ஊரில், அது எத்தனை அடி உயரம், ஓய்வு நாள் எது, திரும்பி வரும் முடிவை யார் எடுப்பது என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் அப்போது மறுங்கள்.

இக்கருத்தைப் பொங்கல் விடுமுறையில் எங்கள் வீட்டில் எடுத்துரைத்தேன். "பாப்பா வக்கீலுக்குப் படிக்கலாம்" என்று தாத்தா சிரித்தார். அப்பா மட்டும் ஒரு தாளை எடுத்து நிபந்தனைகளை எழுதினார். பத்து நாள் திட்டத்தை விட்டுவிட்டு, வண்டிகளை மதுரையிலிருந்து ரயிலில் அனுப்பி, ஸ்ரீநகர் வழியாகச் செல்லவேண்டும். நான்கு பேரும் மருத்துவப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். சுமை ஏற்றிய வண்டியோடு மூன்று முறை போடிமெட்டு ஏறித் தாழ்ந்த கியரில் இறங்கிக் காட்டவேண்டும். ஒரு முறை மழையில். கடைசியாக, அப்பா முன்னிலையில் பின்சக்கரத்தைக் கழற்றி, பஞ்சர் ஒட்டி, திரும்ப மாட்ட வேண்டும். அம்மா இன்னும் சம்மதிக்கவில்லை. ஆனால் மருந்துப்பெட்டிக்கு வேண்டிய சாமான்களின் பட்டியலைக் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டார்.

நான் இதை எழுதும்போது அண்ணன் முற்றத்தில் பின்சக்கரத்தோடு உட்கார்ந்திருக்கிறான். கழற்றி ஒட்டி மாட்ட இரண்டரை மணி நேரம் ஆயிற்று. எல்லாம் முடிந்தபின் ஒரு வாஷர் மிஞ்சிவிட்டது. அது எங்கே போகவேண்டியது என்று இருவருக்கும் தெரியவில்லை. மறுபடியும் கழற்றிக்கொண்டிருக்கிறான்.